தவசிமுத்து பார்த்து வந்த காலேஜுகள்

ராஜபாளையத்து நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த தவசிமுத்துவுக்கு எந்த மிஷினையும் ஓடவிட்டு, அதன்மேல் கை வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். மகள் ஜெயக்கொடி ஸ்ரீவில்லிபுத்தூர் ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் ஒன் படித்த தொண்ணூற்றொன்றாம் வருஷம், அதே குணத்தைக் காலேஜுகளிடமும் காட்டினார். மில்லில் வார நடுவே லீவு விட்டால் மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ பஸ் ஏறிவிடுவார். வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்து உள்ளே நுழைந்து, லேபை எட்டிப் பார்த்து, கேன்டீன் சாம்பாரையும் ருசி பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். ஒரு காலேஜில் வாத்தியார் நடத்திய பாடத்தை ஜன்னலுக்கு வெளியே நின்று மணியடிக்கும்வரை கேட்டார். ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் நகர மனம் வரவில்லை.

பெற்றோரை உள்ளே விடும் ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து அத்தனையையும் மகளிடம் ஒப்பித்தார். அம்மா கொடுத்துவிட்ட அதிரசத்தைத் தின்றபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த லேப்ல ஒரு மோட்டாரு தாயி, சத்தமே இல்லாம ஓடுது. அது எப்படின்னு கேக்கதுக்குள்ள லேப்காரன் வெளிய அனுப்பிட்டான். பொறவு..."

"அப்பா, எனக்கு என்ன படிக்க ஆசைன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல."

வாட்ச்மேன் வரைக்கும் விசாரித்திருந்த தவசிமுத்து, அதிரசப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "சரி, சொல்லு. என்ன படிக்கப் போற?" என்றார்.

"அத நான் இன்னும் யோசிக்கல. ஆனா ஒரு காலேஜையாவது பாக்காம மிச்சம் வையுங்க. அதுல நான் சேந்து, உள்ள எப்படி இருக்குன்னு உங்களுக்கு வந்து சொல்லுதேன்."