நெல்லித்தோப்பு பேனரில் என் டிரா

செஸ்ஸில் எனக்கு டிரா என்றாலே ஆகாது. எதிரே ஆடுபவள் டிரா கேட்டால் காது கேளாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அப்படி வீம்பு பிடித்து, நாட்டுக்காக ஆடிய பெண்கள் அணிப் போட்டி ஒன்றில் தோற்றேன். நான் ஒத்துக்கொண்டிருந்தால் அணி ஜெயித்திருக்கும். கூட ஆடிய மூவரும் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருஷமும் அதே நான்காவது பலகை எனக்கு. மற்ற மூன்று ஆட்டமும் முடிந்து, இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தோம். நான் அரைப் புள்ளி எடுத்தால் போதும், அணி ஜெயித்துவிடும். ஆனால் முழுப் புள்ளி எடுத்தால், கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு எனக்குப் பாக்கியிருந்த கடைசித் தகுதியும் கிடைக்கும். எட்டு வருஷமாக அதற்குத்தான் நாயாய் அலைந்தேன். பலகையில் எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். கடிகாரத்தில் இரண்டு நிமிஷம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து அவள் டிரா கேட்டாள்.

அணித் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். ஏற்கலாமா என்று மட்டும்தான் அவரிடம் கேட்கலாம். ஆட்டத்தைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது. போன தடவை "எடுத்துக்கம்மா" என்று சொல்லியும் நான் கேட்காமல் போன அதே மனிதர். இந்தத் தடவை "உன் இஷ்டம்" என்றார்.  டிராவுக்குச் சம்மதம் என்று கையை நீட்டினேன்.

அறைக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். தையல் மிஷின் சத்தம் நின்றது.

"பட்டம் போச்சாடி?"

"போச்சும்மா."

"டீமு?"

"ஜெயிச்சிட்டோம்."

"சரி, போய் சாப்புடு."

அவ்வளவுதான் பேசினாள். ஊர் திரும்பினால், நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனையில் எனக்கு ஒரு பேனர். தெருக்காரர்கள் முதலில் 'வெற்றி பெற்ற வீராங்கனை' என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா பிரிண்டிங் கடைக்கே போய் நின்றாளாம்.

"எம்பொண்ணு ஜெயிக்கல, டிரா பண்ணா. அதையே போடுங்க."

"டிரான்னு போட்டா யாரு மதிப்பாங்கக்கா?" என்றிருக்கிறார் கடைக்காரர்.

"ஜெயிச்சான்னு போட்டா, அவ உட்டுக் குடுத்தது யாருக்குத் தெரியும்?"

பேனரில் என் படத்தைவிட 'டிரா' பெரிதாக இருந்தது. ஸ்கூட்டரை ஓரம்கட்டி நின்று பார்த்தேன். எங்கள் ஊரில் ஜெயித்தவர்களுக்கு எத்தனையோ பேனர் வைத்திருக்கிறார்கள். டிரா செய்ததற்கு வைத்தது எனக்கு மட்டும்தான்.