அத்தை டைப் அடித்துத் தந்த லீவு லெட்டர்

அத்தை போய் ஓராண்டு ஓடிவிட்டது. அத்தையை மறக்காமல் வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். வழக்கமாக இதில் ‘சாந்த சொரூபி’ என்று போடுவார்கள். அத்தைக்கு அது பொருந்தாது. முன்கோபக்காரர். அந்தக் கோபத்தால்தான் நான் படித்தேன்.

கூமாப்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், என் அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டார். மாமா சின்ன வயதிலேயே காலமானபின் டைப் கற்றுக்கொண்டு, கோர்ட்டு வாசலில் மனு அடித்துப் பிழைத்தார். பிள்ளைகள் இல்லை.

நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். நான் பத்தாவது படித்த வருடம் அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். பள்ளிக்குப் போகாத நாளுக்கெல்லாம் ‘எனக்குக் காய்ச்சல்’ என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த லெட்டர் அது ஒன்றுதான். கடைசியில் வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

“பொம்பளப் பிள்ளதானே, வீட்டோட இருக்கட்டும்” என்றார் அப்பா. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவைப் பார்க்க வந்திருந்த அத்தைக்கு வந்ததே ஒரு கோபம்! முதலில் என்னைத்தான் பிடித்தார்.

“ஏட்டி, அம்புட்டு நாளு காய்ச்சல் அடிச்சா ஆளு பொழைக்குமா? அம்மாவப் பாக்கேன்னு எழுதுனா கை சுட்டுருமோ?”

பிறகு அப்பாவிடம் திரும்பினார். “அண்ணே, மதினிய நான் பாத்துக்கிடுதேன். பிள்ள பரீட்சை எழுதட்டும்.”

இரண்டு நாளில் டைப் அடித்த மனுவோடு பள்ளிக்கே வந்துவிட்டார். ‘மேற்படி மாணவிக்குக் காய்ச்சல் ஏதும் இல்லை. படுக்கையில் இருக்கும் தாயை இவளே பராமரித்து வருகிறாள். துணைக்கு ஆள் வைக்காதது பெரியவர்களாகிய எங்கள் குற்றம்.’ வாசித்த தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” என்றார். மேலதிகாரிகளுக்கு எழுதி அனுமதியும் வாங்கித் தந்தார்.

அத்தை மெஷினைப் பூட்டிவிட்டுப் பரீட்சை முடியும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கினார். அதன் பிறகும் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார். “செத்த நேரம் எங்கயாச்சும் போயிச் சிரிச்சிட்டு வா, போ” என்று என்னை வெளியே விரட்டுவார். அந்தப் பத்தாவதுதான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது.

அத்தை கடைசி நான்கு மாதம் என் வீட்டில் இருந்தார். முறை வைத்து வந்து பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காமாருக்கும், கோர்ட்டு வாசலில் உடன் டைப் அடித்தவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. நீங்கள் இருந்ததால் எட்டு வயது என் மகளுக்கு ஒரு வேலையும் வரவில்லை.

ஆனாலும் ஒருநாள் அவளாகவே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கஞ்சி ஊட்டப் போனாள். அத்தை இரண்டு கரண்டி குடித்தார்.

“போதும் தாயி, வயிறு நெறஞ்சிருச்சு. நீ போயி வெளையாடு.”

பிள்ளை தெருவுக்கு ஓடினாள். அத்தை என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். மிச்சக் கஞ்சி முழுவதையும் குடித்தார்.