பக்கத்தில் மணலைத் தட்டிய கை

நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. லுசுங்குவுக்கு நடந்ததை, அவன் வாயால் கேட்டபடியே சொல்கிறேன்.

மலாவி ஏரியில் வண்ணமீன் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அவனும் மசௌகோவும் முக்குளிப்பவர்கள். அன்றைக்கு அது மூன்றாவது முக்குளிப்பு. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். லுசுங்கு தூங்கி இரண்டு நாளாகியிருந்தது.

"தூங்கிக்கிட்டே வலை பிடிப்பே போலிருக்கேடா," என்றான் மசௌகோ.

"பிடிப்பேன். மீனு உன்னை மாதிரி குறட்டை விடாது."

பிற்பகல் 2.20. சிலிண்டரை மாட்டிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். வெதுவெதுப்பான தண்ணீர். பாறைகளைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாய் மீன்கள். வலையை விரித்து, விரட்டி, ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விட வேண்டும். கைகள் கல்லாய்க் கனத்தன.

2.41. லுசுங்கு நிமிர்ந்தான். பாறைக்குக் கீழே மணலில் மசௌகோ உட்கார்ந்திருந்தான். வேலை நேரத்தில் அவன் உட்காரவே மாட்டான். பக்கத்தில் மணலைத் தட்டினான். வா, உட்கார்...

லுசுங்குவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. போய் உட்கார்ந்தான். உடம்பு இளகியது. வீடு, காய்ச்சல், எல்லாம் எங்கோ தள்ளிப் போயின.

மீன்கள் வந்தன. ஆளைக் கண்டால் சிதறி ஓடுகிற மீன்கள். மசௌகோவின் தோளில் மொய்த்து, பாறைப் பாசியைக் கொத்துவதுபோலக் கொத்தின.

களுக்... களுக்... லுசுங்குவின் மூச்சுக் குமிழிகள் மேலே போயின.

அவனுடையவை மட்டும்.

மசௌகோவிடமிருந்து ஒன்றுகூட இல்லை.

தப்... தப்...

கை மணலைத் தட்டிக்கொண்டே இருந்தது.

காற்றளவைப் பார்த்தான். முள் சிவப்பில். மணி 3.02.

இருபது நிமிடம் எங்கே போயிற்று?

உதைத்து எழுந்தான். காலை ஏதோ பிடித்தது. இறுக்கவில்லை. போகாதே என்பதுபோல...

உதறினான்.

மேலே வந்தபோது, படகு விளிம்பில் மசௌகோ புது சிலிண்டரோடு குதிக்க நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"எப்படா மேல வந்தே?" என்றான் லுசுங்கு.

"அப்பவே... ரெண்டு நாப்பதுக்கு முன்னாடியே."

"என்னை விட்டுட்டா?"

"நீதானே போகச் சொன்னே!"

"நானா? சைகை காட்டினேனா?"

"சைகை இல்லடா..." மசௌகோவின் குரல் இறங்கியது. "வாய்க்குழாயை எடுத்துட்டு, என் காதுகிட்ட வந்து பேசினே. தண்ணிக்குள்ள. தெளிவாக் கேட்டுச்சு. பயத்துல ஏறிட்டேன்."

"என்ன பேசினேன்?"

"'நீ போ. நான் இங்கேயே தூங்கிக்கிறேன்'னு."