சூர்யகலா சொல்லாத பேர்

என் தங்கை மகள் சூர்யகலாவைப் பற்றிச் சின்னாளபட்டியில் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். நான் பேசமாட்டேன். நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை வைத்து, தினமும் ஊர்ப்பட்ட ஆட்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்று பேச எனக்கு வராது.

குற்றவியலில் எம்.ஏ. படிக்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவள் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். போலீஸ் வேலைக்கா என்றால் இல்லை. வக்கீலுக்கா என்றால் அதுவும் இல்லை. திருடன் ஏன் திருடுகிறான் என்று படிப்பாளாம். உடம்பு வணங்காதவன் திருடுகிறான், இதைக் கண்டுபிடிக்க மதுரை வரை தினமும் பஸ் ஏற வேண்டுமா? பி.எட். முடித்து டீச்சர் ஆகு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

சின்ன வயதிலேயே அவளுக்குக் கோணல் புத்தி. அவள் அப்பா சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். கடை வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய சைக்கிளை ஒருவன் தள்ளிக்கொண்டு போய்விட்டான். தெருவே அவனுக்குச் சாபம் விட்டது. இந்தப் பிள்ளை மட்டும், "பாவம், அந்த ஆளு எங்க போகணும்னு எடுத்துட்டுப் போனாரோ?" என்றது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கே முதுகில் நாலு வைத்திருக்க வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு காதுகுத்துக்காக நானும் என் மனைவி செல்லக்கிளியும் மகன் யோகேஷும் தொப்பம்பட்டி போயிருந்த பகலில் எங்கள் வீட்டில் திருட்டுப் போனது. வந்து பார்த்தால் பீரோ பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. ஒரு துணி கலையவில்லை. பரண்மேல் ஒரு ஓட்டை இட்லிப் பானை. அதற்குள் பழந்துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்த நகைகள் மட்டும் இல்லை. செல்லக்கிளிக்கு அவள் அம்மா போட்ட காசுமாலையும் அதோடு போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு திருட்டில் மாட்டிய ஒருவன் எங்கள் வீட்டுத் திருட்டையும் ஒத்துக்கொண்டான். பேர் மதன்குமார். திருடனுக்கு வைத்த பேரைப் பாருங்கள். நகையை உருக்கி விற்றாகிவிட்டது. அதுகூடப் போய்த் தொலையட்டும். இட்லிப் பானை உனக்கு எப்படித் தெரியும் என்று போலீஸ் கேட்டதற்கு, தேடினேன், கிடைத்தது என்று ஒரே பிடியாகச் சாதித்துவிட்டான். எங்களை அறிந்த ஒரு ஆள் சொல்லாமல் அந்தப் பரணை எவன் ஏறிப் பார்ப்பான்? துப்புக் கொடுத்தது யார் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் போயிற்று. செல்லக்கிளியின் தம்பியைக் கேட்டேன், உறவு முறிந்தது. பாத்திரம் கழுவ வந்த அம்மாளை நிறுத்தினேன். அந்த அம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

இந்த நிலைமையில், சிறையில் வார்டராக இருக்கும் ஸ்டான்லி ஒரு நாள் பூ வாங்கக் கடைக்கு வந்தார். "உங்க தங்கச்சி மக அந்த மதன்குமார்கூட ரொம்ப நேரம் உக்காந்து பேசுச்சுண்ணே. ஏதோ ஆராய்ச்சியாம்ல," என்றார். வீடு புகுந்து திருடுகிறவர்கள் எந்த வீட்டை, எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சின்னாளபட்டிக்கு வண்டியை விரட்டினேன்.

"ஏ புள்ள, எங்க வீட்டுக்குத் துப்புக் குடுத்தது யாரு? அவன் உங்கிட்ட என்ன சொன்னான்?"

"யாரைப் பாத்தேன், என்ன பேசினேன்னு நான் சொல்லக்கூடாது மாமா."

"ஸ்டான்லியே சொல்லிப்புட்டாரு!"

"அவரு சொல்லிட்டாரு. நான் சொல்ல மாட்டேன். பேசினது எதுவும் வெளிய போகாதுன்னு வாக்குக் குடுத்துத்தான் ஒவ்வொருத்தரையும் பேச வைக்கிறேன். இல்லாட்டி எவன் வாயைத் திறப்பான்?"

திருடனுக்குக் கொடுத்த வாக்காம். தாய்மாமனுக்கு ஒன்றும் கிடையாதாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நீயும் அவனுக்குக் கூட்டுக்களவாணி. உன் கல்யாணத்துக்கு என் வீட்டு மாலை வராது. பாத்துக்க!" என்று கத்தினேன்.

"கடையில வாங்கிக்கிறேன் மாமா," என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவளுடைய கல்லூரிக்கே போய்ச் சத்தம் போட்டேன். பேராசிரியை என்னை உட்கார வைத்து, "அவ சொன்னான்னா அவ ஆய்வை நானே நிறுத்திருவேன்," என்றார். திருட்டுக் கொடுத்தவனுக்கு அங்கே நாற்காலிதான் மிச்சம். என் தங்கையும் தன் மகளிடம் கெஞ்சினாள், அழுதாள், கடைசியில் பேச்சையே நிறுத்தினாள். பெற்றவள் முகம் பார்க்காத வீட்டில் அந்தக் கல்நெஞ்சுக்காரி தானே சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டு பஸ் ஏறினாள்.

நாளாக ஆக எனக்கு வீட்டு ஆட்கள் மேலேயே கண் போனது. பீரோச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். "மிச்சம் இருக்கிறது நானும் உங்க மகனுந்தான். எங்களையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருங்க," என்று செல்லக்கிளி ஒரு நாள் காலையில் வெடித்தாள். அவள் அழுகையைத் தாங்க முடியவில்லை. நாலு முழம் மல்லிகையை இலையில் கட்டிக்கொண்டு, வெட்கத்தை விட்டு மறுபடி சின்னாளபட்டிக்குப் போனேன்.

"பேரு வேணாம் தாயி. எங்க வீட்டு ஆளு இல்லைன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிரு. உன் கல்யாணத்தை நானே முன்ன நின்னு நடத்துறேன்."

பூவை வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அதையும் சொல்ல முடியாது மாமா. உங்களுக்கு இல்லைன்னு சொல்லிட்டு, நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேக்கிறப்ப நான் வாயை மூடினா, அங்க ஆமான்னு அர்த்தமாயிரும்."

அவள் முகத்தையே உற்றுப் பார்த்தேன். ஆமா என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. என் தங்கைக்குப் பிறந்ததா இது என்று திட்டிக்கொண்டே திரும்பினேன்.

வீட்டில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. யோகேஷ் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். "என்ன சொன்னா?" என்று செல்லக்கிளி கேட்டாள். காலையில் அவள் அழுதது கண்ணுக்குள் நின்றது. பொய் சொன்னேன்.

"நம்ம வீட்டு ஆளு இல்லையாம். அந்தத் திருடனே சொல்லிட்டானாம்."

செல்லக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். யோகேஷ் தலையைத் தூக்கினான். "அவனே சொன்னானாப்பா?"

"அவனேதான்."

சூர்யகலா ஜெயிலுக்குப் போன விஷயம் தெரிந்த நாளிலிருந்து இவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க்கொண்டிருந்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு வைம்மா," என்றான். தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தையும் கேட்டு வாங்கினான். பிசைந்து பிசைந்து அள்ளித் தின்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரெல்லாம் சண்டை போட்டு நான் தேடிய பேரை வைத்தவனே நான்தான்.

செல்லக்கிளி எனக்கும் தட்டு வைத்தாள். "இனிமேலாவது நிம்மதியா உக்காந்து சாப்பிடுங்க," என்றாள்.

நான் என் மகனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.