மாமனாரின் கோட்டுப் பட்டன்

எழுபதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். மனைவி பள்ளி ஆசிரியை. நான் ஒரு பத்திரிகையில் மாலை ஷிஃப்டில் பிழை திருத்துபவன். ஆகவே பகலெல்லாம் வீட்டில் சும்மா இருக்கும் ஒரே ஜீவன் என்ற தகுதியில், பக்கவாதத்தால் வலது கை விழுந்துபோன மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. என் லட்சணத்தை இரண்டே நாளில் புரிந்துகொண்ட மனைவி, மூன்றாம் நாள் ஓர் ஆளை அமர்த்திவிட்டாள்.

செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஆஸ்பத்திரி வார்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, நடக்க வைப்பது எல்லாம் அவருக்குச் சர்வ சாதாரணம். ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. பெரியவரால் முடிகிற எதையும் அவர் செய்து தரமாட்டார். மாமா இடது கையால் ஒரு சட்டைப் பட்டனோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டுவார். இந்த மனிதர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பொறுக்காது. அடுத்தவர் பிழையைக் கண்டால் கை துறுதுறுக்கும் உத்தியோகம். அவர் வெந்நீர் எடுக்கப் போகும் நேரம் பார்த்து நானே எல்லாப் பட்டனையும் போட்டுவிடுவேன். மாமாவும் ஒன்றும் தெரியாதவர் போல மோவாயைத் தூக்கிக் காட்டுவார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் மே மாதம் மாமாவின் இளைய மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணைக் கைகோத்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போகவேண்டியவர் அப்பாவான மாமா.

"கோட்டை நானே போட்டுக்கிட்டாதான் வருவேன். பொம்மை மாதிரி டிரெஸ் பண்ணித் தூக்கிட்டுப் போறதா இருந்தா, பொண்ணை நீங்களே கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை."

தலைமையாசிரியராக இருந்தவர், சொன்னால் சொன்னதுதான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் நான் செம்பாக்கத்துக்காரரிடம் கையும் பட்டனுமாகப் பிடிபட்டேன்.

"இன்னா சார் பண்றீங்க?"

"இல்லண்ணே, கடைசி பட்டன் மட்டும்..."

"பெரியவருக்குக் கை வரலையேன்னு நான் மண்டைய ஒடச்சிக்கினு கீறேன். பார்த்தா ஒங்க கைதான் அடங்கல. இப்ப யாருக்கு சார் வைத்தியம் பாக்கணும்?"

மாமா மேலே சுழலும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார், கூசாமல்.

மறுநாளிலிருந்து மாமா சட்டை போடும் நேரத்தில் என் இரண்டு கைகளிலும் விளிம்பு வரை சூடான காபி டம்ளர்கள். கீழே வைக்க வழியில்லை. ஸ்டூலைச் செம்பாக்கத்துக்காரர் ஏற்கெனவே அப்புறப்படுத்தியிருந்தார்.

"ஒண்ணு பெரியவருக்கு, ஒண்ணு எனுக்கு. சிந்தாம நில்லுங்க சார்."

எனக்குக் காபி உண்டா என்று கேட்கும் நிலைமையில் நான் இல்லை. முதல் நாள் மாமா கடைசிப் பட்டனைப் போடுவதற்குள் இரண்டும் பச்சைத் தண்ணீராகிவிட்டன. இரண்டாவது வாரம் வெதுவெதுப்பாக இருந்தன. மூன்றாவது வாரம் மாமா ஊதிக் குடித்தார்.

கல்யாணத்தன்று காலை, வாசலில் வாடகைக் கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. சட்டை வேறு, கனத்த கோட்டு வேறு. மாமா வியர்த்துக் கொட்டியபடி போட்டு முடித்தார், ஒரு காஜா தள்ளி. மூன்றாவது பட்டனுக்குப் போக்கிடம் இல்லை. கோட்டின் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் தொங்கியது. என் கை தன்னால் எழுந்தது. செம்பாக்கத்துக்காரர் ஒரு பார்வை பார்த்தார். தெரிந்தே நான் அச்சுக்கு அனுப்பிய முதல் பிழை அதுதான்.

ஆலய வாசலில் மணப்பெண் கண்டுபிடித்துவிட்டாள். "ஐயோ அப்பா, கோட்டு..." என்று கையை நீட்டினாள்.

"தொடாதே. நான் போட்டது."

நீட்டிய கையை அவள் அப்படியே அவருடைய இடது கைக்குள் கோத்துக்கொண்டாள். உள்ளே ஆர்கன் ஆரம்பித்தது. இருவரும் நடந்தார்கள், மெதுவாக, அந்தக் கோட்டைப் போலவே சற்று ஒருபக்கம் சாய்ந்து.