வெள்ளை நூல் முடிந்த பிச்சிச் சரம்

மாசி பிறந்ததிலிருந்து என் வீட்டுப் பிச்சிக்கொடி பூக்கிறது.

இன்று அடுத்த வீட்டுச் செல்லம்மையின் மகளுக்கு நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம். பெண்ணுக்கென்று விடியுமுன் மொட்டுப் பறித்து, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டினேன். கடைசி முடிச்சுக்கு நார் எட்டவில்லை. என் புடவையிலிருந்து ஒரு நூலை உருவி முடிந்தேன். வெள்ளை நூல். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாக வேறு நிறம் உடுத்தியதில்லை.

செல்லம்மை வேலியோரம் வந்து நின்றாள். தினமும் இந்தக் கொடியில் பறித்துச் சூடுகிறவள்.

"ஒண்ணும் நெனைக்கப்பிடாது அக்கா. இன்னைக்குப் பூவு தோவாளைச் சந்தையிலேருந்து வருது. மாப்பிள்ளை வீட்டுக்காரவ ஏதாவது சொல்லுவாவ."

"ஏட்டி, என்னத்த சொல்லுவாவ?"

என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

சரத்தை அம்மன் கோவிலில் கொடுத்தேன். பூசை செய்யும் போற்றி வாங்கி அம்மனுக்குச் சார்த்தினார். நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன்.

சற்று நேரத்தில் செல்லம்மை மகளோடும் சம்பந்தி வீட்டாரோடும் கும்பிட வந்தாள். போற்றி அந்தச் சரத்தையே எடுத்து, பிரசாதமாக இலையில் போட்டுக் கொடுத்தார்.

செல்லம்மை அதை இரண்டு கண்ணிலும் ஒற்றி, தோவாளைப் பூவுக்கு மேலே மகளின் தலையில் வைத்தாள். முடிச்சிலிருந்து வெள்ளை நூல் தொங்கியது.

அம்மன் ஒன்றும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

நீங்களாக இருந்தால் செல்லம்மையிடம் சொல்லியிருப்பீர்களா?