அஷ்டமியில் மட்டும் காயும் நிலம்

தூத்துக்குடியில் வீடும் மனையும் விற்றுக் கொடுக்கும் தரகர்களில் எனக்குத் தெரிந்தவர் தாணுலிங்கம் ஒருவர்தான். தரகு பிடித்துப்போய் அவர் தரகராகவில்லை. தனக்குச் சொந்தமான இருபது சென்ட் நிலத்தை விற்பதற்காக அந்தத் தொழிலுக்கு வந்தார். ஒன்பது வருஷமாக அந்த நிலம் விற்கவில்லை. இடையில் மற்றவர்களுடைய வீடுகள் நூற்றுக்கு மேல் விற்றுவிட்டன.

1946இல் நான் பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் அடுத்து என்ன செய்வது என்று வீட்டில் யாரையும் கேட்க முடியவில்லை. அவர்கள் என்னைக் கேட்டார்கள். எங்கள் அப்பாவின் கருப்பட்டிக் கடைக்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டுத் தாணுலிங்கம் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். வெளியூர்க்காரர்களுக்குக் கடிதம் எழுத அவருக்கு ஆள் தேவைப்பட்டது.

"ஏலே பீயே, வேலை வாரவரைக்கும் இங்கன வந்து உக்காரு. படிச்சவன் கையெழுத்துன்னா வாங்குதவன் நம்புதான்" என்றார், பி.ஏ.வையே என் பெயராக்கி.

என் படிப்புக்கு முதலில் கிடைத்த உபயோகம் அதுதான்.

அவர் சொல்லும் யோசனைகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். வீடு விற்பவர்களுக்கு உதவும் ஒரு சிறு புத்தகமாகப் போடலாம் என்று எண்ணம். வீடு பார்க்க வருகிறவர்களில் குறை சொல்லுகிறவன்தான் வாங்குவான் என்பார் அண்ணாச்சி. "நல்லா இருக்கு" என்று சொல்லுகிறவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தால் பெண்டாட்டியை முதலில் அடுப்படிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவள் மனசுக்குள் பானைகளை அடுக்கிவிடுவாள். அடுக்கியதை எடுக்க அவளுக்கு மனம் வராது. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை நாம் முதலில் சொல்லக் கூடாது, அவர்கள் சொன்ன பிறகு மறுக்கவும் கூடாது. "ஆமா, பருப்பு வேகாது" என்று ஒப்புக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் காலியான சமயத்திலும் அவர் வீடு விற்றிருக்கிறார். "துறைமுகத்த விட்டுட்டு உம்ம அடுப்படியில குண்டு போட அவன் என்ன கிறுக்கனா?" என்று கேட்பாராம்.

இவ்வளவு தெரிந்தவரிடம் ஒரு நிலம் விற்காமல் கிடந்தது எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டேன். பஞ்சாங்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நிலம் தருவைகுளம் போகும் பாதையில், கடலை ஒட்டி இருந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும்போது தண்ணீர் நிலத்துக்குள் வந்துவிடும். நடுவில் அஷ்டமி, நவமியை ஒட்டிய சில நாட்களில் கடல் அவ்வளவு ஏறாது. அப்போது நிலம் வெள்ளை மணலாகக் காய்ந்து, பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அஷ்டமி, நவமியில் இந்துக்கள் யாரும் நிலம் பார்க்க வரமாட்டார்கள். கடற்கரைக் கத்தோலிக்கர்கள் எந்த நாளும் வருவார்கள். ஆனால் அவர்களுக்குக் கடல் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். முஸ்லிம்களுக்கு மாதக் கணக்கே பிறைதான். தேதியைச் சொன்னாலே சிரித்துவிடுவார்கள். அஷ்டமியும் பார்க்காத, கடலும் தெரியாத ஓர் ஆள் வேண்டும். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒருவர்தான் கிடைத்தார். எபனேசர் என்ற கிறிஸ்தவ வாத்தியார், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்க்காரர்.

"பிறகு?"

"நிலத்துல ஒரு நண்டு நின்னுச்சு. சந்தைக்குக் கொண்டு போறவன் கூடையிலருந்து விழுந்திருக்கும் சார்னு சொன்னேன். அந்த நண்டு எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு அதுக்க வளைக்குள்ள போயிட்டுது."

அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

"நீங்க எப்படி அண்ணாச்சி இத வாங்குனீங்க?"

"அஷ்டமியில முடிச்சா விலை கொறச்சித் தாரேன்னான்" என்றார்.

மீதியை அவர் மனைவி செல்லக்கனி சொன்னாள். முப்பத்தேழில் நிலத்தை வாங்கிய அன்றைக்கே தென்கிழக்கு மூலையில் மூன்று கல் எடுத்து வைத்து, "இங்கன அடுப்பு" என்று அடையாளம் செய்துவிட்டு வந்தாளாம். வேலி போடலாம் என்று அடுத்த வாரம் போனால் பௌர்ணமி. மூன்று கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது.

அன்றிலிருந்து அவர்கள் ஐந்து வாடகை வீடு மாறிவிட்டார்கள். அந்த மாசியில் ஐந்தாவது வீட்டுக்காரரும், சித்திரைக்குள் காலி செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"ஆறாவது வாடகை வீட்டுக்கு நான் வரல" என்றாள் செல்லக்கனி. என்னை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். "விளாத்திகுளத்துல எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க சொந்த வீடு பாத்ததும் காயிதம் போடுங்க. எழுதத்தான் பீயே தம்பி இருக்கானே."

"அதுக்கு அந்த நிலம் போவணுமே" என்றார் அண்ணாச்சி.

"போவணும். இல்லன்னா நான் போவணும்."

அப்போதுதான் சக்ரபாணி ஐயங்காரிடமிருந்து கடிதம் வந்தது. ஆழ்வார்திருநகரிக்காரர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மனைவி அலர்மேல்மங்கைக்கு மூச்சு இழுப்பு. கடற்காற்று நல்லது என்று வைத்தியர் சொன்னதால் தூத்துக்குடியில் கடலோரமாக ஒரு மனை தேவை. அண்ணாச்சி பஞ்சாங்கத்தைப் பார்த்து, வளர்பிறை அஷ்டமியன்று வரச்சொல்லி என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். ஐயங்கார் அதற்கு முந்தின நாளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஓய், நாளைக்கு அஷ்டமின்னு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் சாமி. உங்க கண்ணன் பிறந்த நாளுல்லா? மறுநாள் நவமி, ராமன் பிறந்த நாளு. பெருமாளே பாத்துப் பாத்து எடுத்த நாளுக்கு நாம கொற சொல்லலாமா?"

ஐயங்கார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஷ்டமியிலே பிறந்தவர் அன்னிக்கு ராத்திரியே பிறந்த ஆத்தை விட்டுப் போனார். நவமியிலே பிறந்தவர் பதினாலு வருஷம் ஒரு வீடு இல்லாமல் காட்டிலே இருந்தார். மனை வாங்கற விஷயத்துலே ரெண்டு பேரையும் சாட்சிக்குக் கூப்பிடாதேயும்."

அண்ணாச்சி பஞ்சாங்கத்தை எடுத்து மூடிவைத்தார். ஐயங்காருக்குத் தன் பதில் மிகவும் பிடித்துவிட்டது. அதை இரண்டு தரம் திரும்பச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில், "பேசி முடிக்கத்தானே நாள் பார்க்கணும், சும்மா பார்க்கறதுக்கு என்ன?" என்று மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நிலம் அன்றைக்கு அழகாக இருந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும். மணல் காய்ந்து கிடந்தது. கடல் தொலைவில், தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பது போல இருந்தது. நண்டு ஒன்றும் இல்லை. ஐயங்கார் நிலத்தைக் கால்களால் அளந்துகொண்டே போனவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நீர் பட்டதாரி. பொய் சொல்லமாட்டீர். இடம் எப்படி?"

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. செல்லக்கனியின் அண்ணன் விலாசம் என் நோட்டில் இருந்தது. எதிரே அலர்மேல்மங்கை அம்மாள் வண்டியிலிருந்து இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"காற்று நன்றாக வரும்" என்றேன்.

அது உண்மைதான். இன்று வரை அந்தப் பதிலில் ஒரு சொல் பொய் இல்லை. அதைச் சொன்னபோது, இதற்காகவா நான்கு வருஷம் படித்தோம் என்று தோன்றியது.

அம்மாள் தென்கிழக்கு மூலைக்குப் போயிருந்தார். "ஏன்னா, அடுப்படி இங்கேதான் வரணும். யாரோ முன்னாடியே கல் வெச்சிருக்காளே!"

"அது எங்க வீட்டுக்காரி வச்ச கல்லு தாயே" என்றார் அண்ணாச்சி. "ஒம்பது வருசம் ஆச்சு. கட்ட முடியல."

"ஒம்பது வருஷமா? கரி புதுசா இருக்கே. உங்காத்துக்காரி எப்போ சமைச்சா?"

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். கற்களின் உள்பக்கம் கரி பிடித்து, அதன்மேல் பிசின் போல ஏதோ வழிந்து உறைந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"அவ இதுல ஒரு நாளும் சமைக்கல தாயே" என்றார். பிறகு நிமிர்ந்து, "சாமி, வார பௌர்ணமிக்கு ஒருக்கா வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

திரும்பும் வழியில் நான், "ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அந்தம்மா பானைய அடுக்கிட்டா, பீயே. எங்க வீட்டுக்காரியும் அன்னைக்கு இப்படித்தான் அடுக்குனா" என்றார்.

விஷயம் தெரிந்ததும் செல்லக்கனி பெட்டியில் சேலைகளை மடித்து வைத்தாள். பௌர்ணமியன்று, "நானும் வாரேன். அந்த நிலத்த கடைசியா ஒருக்கா பாத்துட்டு அப்படியே பஸ் ஏறுதேன்" என்று பெட்டியோடு குதிரை வண்டியில் ஏறினாள்.

ஐயங்காரோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. கடல் இறங்கத் தொடங்கியிருந்தது, ஆனாலும் பாதி நிலத்தில் தண்ணீர் நின்றது. தண்ணீர் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, நிலத்தில் மூன்று வத்தைகள் இருந்தது. அந்தப் படகுகளில் ஒன்று மிதந்தது. இரண்டு தரைதட்டிச் சாய்ந்து கிடந்தன. ஆட்கள் அவற்றின் அடிப்பக்கத்தைச் சுரண்டி, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வடிந்திருந்த தென்கிழக்கு மூலையில் மூன்று கல்லின் மேல் ஒரு சட்டி. அதில் இடுக்குகளை அடைக்கும் குங்கிலியப் பிசின் கொதித்தது. ஒருவர் கம்பால் கிண்டிக்கொண்டிருந்தார்.

செல்லக்கனி வண்டி நிற்குமுன் குதித்தாள்.

"ஏலே, எவம்லே என் அடுப்புல ஒல வச்சிருக்கது?"

கிண்டியவர் நிமிர்ந்தார். அவர் பெயர் ரோச், வத்தைகளின் சொந்தக்காரர் என்பது பிறகு தெரிந்தது.

"உங்க அடுப்பாக்கா? மூணு வருசமா சும்மாதான கெடந்துச்சு. சண்டைக் காலத்துல துறைமுகத்துப் பக்கம் வத்தைய ஏத்த விடல. இங்கன கொண்டாந்தோம். பௌர்ணமிக்கு வெள்ளத்தோட உள்ள வந்து, ஓட்டைய அடைச்சிட்டு மறு ஏத்தத்துல வெளிய போயிருவோம்."

"நிலம் எங்களது!"

"இதுக்கு ஆளு உண்டா? சேசுவே! இதப் போயி வெல குடுத்து வாங்குன மனுசன் யாரு?"

நாங்கள் எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம்.

ஐயங்கார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் ஓரத்தில் நின்றார். "ஓய், இதை எதுக்கு எனக்குக் காட்டினீர்?"

"வாங்குன பொறவு பாக்கதுக்கு, முன்னாடியே பாத்துக்கிடுங்கன்னுதான் சாமி."

ஐயங்கார் கடலைப் பார்த்தார். "இடம் நன்னாத்தான் இருக்கு. காத்து அமோகம்" என்றார்.

அண்ணாச்சி வண்டிக்காரனைக் கூப்பிட்டு, சாமிக்கு ஒரு சோடா வாங்கி வரச்சொன்னார்.

இதற்குள் ரோச் பக்கத்தில் வந்துவிட்டார். "அண்ணாச்சி, நிலத்த விக்கவா போறீக? சும்மா கேக்கேன். எனக்கு வேண்டாம். இது ஒரு நிலமா? மாசத்துல பாதி நாளு காஞ்சி கெடக்கு. அஷ்டமி நவமி வந்தா ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது. உள்ள கெடக்க வத்தைய வெளிய தள்ள முடியாது, வெளிய கெடக்கத உள்ள கொண்டார முடியாது. பெரிய கொறைலா?"

ஒன்பது வருஷமாகத் தண்ணீருக்கு மட்டுமே பதில் தயாரித்து வைத்திருந்தவர் அண்ணாச்சி. காய்ந்து கிடப்பதைக் குறையாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. மறுக்க வாயெடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நோட்டின் முதல் பக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

"ஆமா ரோச்" என்றார் அண்ணாச்சி வருத்தமாக. "அஷ்டமியில காஞ்சிதான் கெடக்கும். உள்ளதச் சொல்லணும்லா."

"அப்பறம் அந்த வடக்கு மூலை ரொம்ப மேடு."

"மேடுதான்."

ரோச் இன்னும் அரைமணி நேரம் குறை சொன்னார். அண்ணாச்சி ஒன்றையும் மறுக்கவில்லை. பொழுது சாயுமுன் விலை பேசி முடிந்தது. செல்லக்கனியின் பெட்டி வண்டியிலேயே இருந்தது. விளாத்திகுளம் பஸ் நிற்குமிடத்தில் அவள் இறங்காமல் பெட்டியோடு வீட்டுக்கே வந்தாள்.

ஐயங்காருக்குக் கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி, மாடியுள்ள ஒரு வீட்டை அண்ணாச்சி முடித்துக் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதை அவரே முதலில் சொன்னார். தொழில் முறைப்படி அது தவறு.

ரோச்சுக்கு நிலப் பத்திரம் எழுதும்போது பேச்சை எழுத்தாக்கிக் கொடுத்தது நான். படித்தவன் எழுதியது முழுமையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் "மேற்படி நிலத்திலுள்ள மண், கல், செடி, நீர் சகலமும்" என்று சேர்த்திருந்தேன். பதிவு முடிந்து வந்ததும் செல்லக்கனி, தன் மூன்று கல்லையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"பத்திரத்துல கல்லுன்னு போட்டிருக்குலா அக்கா" என்றார் ரோச்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

ஊரின் மேற்குப் பக்கம் ஒரு சிறிய ஓட்டு வீடு விலைக்கு வந்தது. அதை அவள் அமாவாசை, அஷ்டமி, பௌர்ணமி மூன்றிலும் போய்ப் பார்த்தாள். ஒரு தடவை மழை பெய்யும்போது வண்டி பிடித்துப் போனாள். "நூறு வீடு வித்திருக்கேன், இப்படி ஒரு ஆள பாத்ததில்ல" என்று அண்ணாச்சி என்னிடம் அலுத்துக்கொண்டார். அவள் ஒரு தடவைகூட நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அதனால் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

சித்திரை முடிய மூன்று நாள் இருக்கும்போது அந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். கொல்லையிலிருந்து புதிதாக மூன்று கல் எடுத்துத் தென்கிழக்கு மூலையில் வைத்திருந்தாள். பால் பொங்கியதும் அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே பீயே, எங்க அண்ணனுக்கு ஒரு காயிதம் எழுது. நான் வரலன்னு."

"வேற ஏதாவது எழுதணுமா அக்கா?"

அவள் யோசித்தாள்.

"தரை காஞ்சி இருக்குன்னு எழுது."